டலாவும் டெலீட்டும்

(தில்லித் தமிழர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கணினியைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தவர்கள், செயற்கை நுண்ணறிவு பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். குப்பைத் தொட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நல்லது சார், அது எல்லார் வீட்டிலேயும் இருக்கு" என்றார்கள்.

முதலில் தெருவுக்கு வருவோம். காலையில் குப்பை எடுப்பவர் மணியடிக்கிறார். பையைக் கொடுக்கிறோம். வீடு சுத்தம். பை எங்கே போகிறது? காலனி முனையில் இருக்கும் டலாவுக்கு. மூன்று பக்கம் செங்கல் சுவர், ஒரு பக்கம் திறந்த வாய், உள்ளே இரண்டு மாடு, நாலு நாய். மாநகராட்சி இப்போது பல டலாவ்களை மூடிவிட்டுக் குப்பையை அமுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறது. ஆனாலும் தில்லியில் பத்து வருஷம் இருந்தவருக்கு அந்தச் சொல்லையும் மறக்க முடியாது, வாசனையையும் மறக்க முடியாது. டலாவில் கிடக்கும் பை நம் வீட்டில் இல்லை. நம் காலனியில்தான் இருக்கிறது. லாரி வந்து அள்ளிக்கொண்டு காஸிப்பூர்க் குப்பை மேட்டுக்குப் போனால்தான் காலனிக்கு இடம் கிடைக்கும்.

உங்கள் கணினியில் இருக்கும் தொட்டி, டலாவ். 'காலி செய்' என்ற பொத்தான், லாரி. இது புரிந்துவிட்டால் பாதிப் பேர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட மாட்டீர்கள்.

'டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று செய்தி வருகிறது. பேத்தியின் கல்யாண வீடியோக்களை எல்லாம் மனசில்லாமல் டெலீட் செய்கிறீர்கள். மறுபடி பார்த்தால் ஒரு மெகாபைட்கூடக் கூடவில்லை. கணினி பொய் சொல்லவில்லை. வீட்டிலிருந்து டலாவுக்குத்தானே மாற்றினீர்கள்? காலனி அதேதான். நான்கு ஜிகாபைட் வீடியோ ஒரே நொடியில் தொட்டிக்குப் போய்விட்டதே என்று வியந்தீர்கள் அல்லவா? வட்டில் அது இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை என்பதால்தான் அந்த வேகம். மாறியது விலாசம் மட்டும். கரோல் பாக் முகவரியை அடித்துவிட்டு 'தொட்டி' என்று எழுதினார்கள், அவ்வளவுதான்.

இந்த விலாசம்தான் இன்றைய பேச்சின் மையம். தொட்டி எறிகிற இடமல்ல. சீட்டு எழுதி வைக்கிற இடம். விண்டோஸில் ஒரு கோப்பை நீக்கினால், அது இருந்த டிரைவில் மறைந்திருக்கும் ஒரு கோப்புறைக்குள் இரண்டு கோப்புகள் உண்டாகின்றன. ஒன்று உங்கள் சரக்கு, பெயர் மாற்றப்பட்டு. இன்னொன்று சிறிய சீட்டு: இது எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது, எவ்வளவு பெரியது, எந்தத் தேதி எந்த நேரத்தில் நீக்கப்பட்டது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இதுதான் முறை. லினக்ஸில், உபுண்டு ஆனாலும் நம் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் ஆனாலும், உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ஒளிந்திருக்கும் தொட்டியில் இரண்டு அறைகள்: ஒன்றில் சரக்கு, மற்றதில் சீட்டு. சீட்டைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்தே படிக்கலாம். பழைய பாதை ஒரு வரி, நீக்கிய நேரம் ஒரு வரி. 'மீட்டமை' என்று நீங்கள் சொன்னதும் கணினி சீட்டைப் பார்த்துச் சரக்கைப் பழைய வீட்டில் கொண்டு போய் வைக்கிறது. சீட்டு கிழிந்தால் சரக்கு அநாதை. தொட்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை சீட்டுக் கோளாறு, அல்லது எந்தத் தொட்டி என்ற குழப்பம்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சிக்கு இடம் கொடுங்கள். ஆங்கிலத்தில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் டெலீட் என்றே சொல்லிவிடுகிறோம். நம்மிடம் ஒதுக்கு, நீக்கு, அழி என்று மூன்று இருக்கிறது. மூன்றும் வேறு வேறு. சாப்பாட்டில் கறிவேப்பிலையை ஒதுக்குகிறோம். அது தட்டிலேயே இருக்கிறது. வேலையிலிருந்து ஒருவரை நீக்குகிறோம். ஆள் எங்கோ இருக்கிறார். கரும்பலகையை அழித்தால்தான் எழுத்து போகிறது. கணினித் தமிழில் 'நீக்கு' என்று பொத்தானுக்குப் பெயர் வைத்தார்கள். அது செய்கிற வேலை ஒதுக்குவது. தொட்டியைக் காலி செய்யும்போதுதான் நீக்குகிறது. உண்மையில் அழிப்பது என்பது மூன்றாவது கட்டம். அதைப் பிறகு சொல்கிறேன். 'மறுசுழற்சித் தொட்டி' என்ற பெயரிலும் எனக்குக் குறை உண்டு. அங்கே எதுவும் சுழலவில்லை. நம் வீட்டில் அதற்குச் சரியான பெயர் முன்பே இருந்தது: பரண். வேண்டாம், ஆனால் போட மனசில்லை என்கிற சாமானெல்லாம் ஏறும் இடம். யாரும் என்னைக் கேட்காததால் பெயர் வைக்கும் வாய்ப்பு போய்விட்டது.

தொட்டி வருவதற்கு முன்பு என்ன செய்தார்கள்? டாஸ் காலத்தில் டெலீட் என்றால் போனதுதான் என்று நினைத்தோம். அப்போதும் போகவில்லை. கோப்புப் பட்டியலில் அந்தப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அழித்து அங்கே ஒரு குறி போடும். 'இந்த இடம் காலி' என்று அர்த்தம். 1991இல் வந்த டாஸ் 5இல் மீட்கும் கட்டளை இருந்தது. அதைக் கொடுத்தால் பட்டியல் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் முதல் எழுத்து என்ன என்று நம்மைக் கேட்கும். பட்ஜெட் என்று நீங்கள் வைத்த பெயரில் 'ப' போய்விட்டிருக்கும், மிச்சம் இருக்கும். முதல் எழுத்தைச் சொன்னால் கோப்பு திரும்பி வந்துவிடும், இடையில் வேறு எதுவும் அந்த இடத்தில் குடியேறாமல் இருந்தால்.

திரையில் தொட்டிப் படம் வந்தது 1983இல் ஆப்பிளின் லிசாவில். அடுத்த ஆண்டு மக்கின்டாஷில். ஆரம்ப கால மக்கின்டாஷில் கணினியை நிறுத்தினாலே தொட்டி காலியாகிவிடும். 1991இல் வந்த ஏழாம் பதிப்பில்தான் நீங்கள் சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கம் வந்தது. 1988இல் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் மீதும் ஹியூலெட்-பக்கார்டு மீதும் 'எங்கள் திரையைக் காப்பியடித்துவிட்டார்கள்' என்று வழக்குப் போட்டது. வருஷக்கணக்கில் நடந்த அந்த வழக்கில் ஆப்பிள் கேட்டதில் ஏறக்குறைய எல்லாம் தள்ளுபடி. கடைசியில் ஆப்பிளின் பக்கம் நின்ற மிகச் சிலவற்றில் ஒன்று, குப்பைத் தொட்டிப் படம். உலகின் பெரிய கம்பெனிகள் குப்பைத் தொட்டிக்காகச் சண்டை போட்டதை நாம் சிரித்துக்கொண்டே கேட்கலாம். தில்லியில் அடுத்த வீட்டுக்காரரோடு அதற்குச் சண்டை போடாதவர் யார்? 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது மைக்ரோசாஃப்ட் தன்னுடையதற்கு ரீசைக்கிள் பின் என்று பெயர் வைத்தது.

இனி வியாதிகளுக்கு வருவோம்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருந்தார். முக்கியமான வரைவுகளை எல்லாம் ரீசைக்கிள் பின்னிலேயே வைத்திருந்தார். "அங்கேதான் சார் யாரும் கை வைக்க மாட்டா" என்றார். வாதம் என்னவோ சரிதான். ஆனால் விண்டோஸ் தொட்டிக்கு ஓர் அளவு உண்டு. பழைய பதிப்புகளில் டிரைவில் பத்து சதவீதம். விஸ்டாவிலிருந்து முதல் 40 ஜிகாபைட்டுக்குப் பத்து சதவீதமும் மீதிக்கு ஐந்து சதவீதமும். தொட்டி நிரம்பினால் மிகப் பழையதைச் சத்தமில்லாமல் வெளியேற்றும். ஒரு வார்த்தை கேட்காது. ஒருநாள் அதே கணினியில் அவருடைய கணக்கைத் திறந்து யாரோ ஒருவர் பெரிய பெரிய வீடியோக்களை நீக்கினார். பெரியவரின் ஏழு மாத வரைவுகள், பழையது முதலாக வெளியே போயின. அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. தொட்டி மீது வலது பக்கம் சொடுக்கி, பண்புகள் என்ற இடத்தில் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். தொட்டிக்கே வேலை கொடுக்காமல் நேரே போக்கிவிடவும் அங்கே ஒரு தேர்வு உண்டு. அதை யார் தேர்வு செய்கிறார்களோ அவர்களுக்கு என் வாழ்த்துகள். லினக்ஸின் க்னோம் என்ற மேசைச் சூழலில் இந்த அளவு வரம்பு கிடையாது. தொட்டி வட்டு நிரம்பும்வரை வளரும். அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், இத்தனை நாளானவற்றைத் தானே நீக்கு என்று சொல்லிவைக்கலாம்; முப்பது நாள் போதும்.

அடுத்தது பென்டிரைவ். இதில்தான் இரண்டு ஊருக்கு இரண்டு சட்டம். விண்டோஸில் பென்டிரைவிலிருந்து நீக்கினால் தொட்டிக்குப் போகாது. 'நிரந்தரமாக நீக்கவா' என்று கேட்கும், ஆம் என்றால் போயிற்று. அலுவலகத்தின் பொது டிரைவிலும் பெரும்பாலும் அப்படித்தான். லினக்ஸில் நேர் எதிர். பென்டிரைவுக்குள்ளேயே ஒரு மறைமுகத் தொட்டி உண்டாக்கி அங்கே ஒதுக்கும். கோப்பை ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்கு நகர்த்துவது என்றால் நகலெடுக்க வேண்டும், நேரம் பிடிக்கும்; அதனால் ஒவ்வொரு வட்டுக்கும் அதனதன் தொட்டி என்று விதி. நல்ல விதிதான். விளைவு என்ன? மயூர் விகாரில் ஒரு மாமி, பேரன் உபுண்டு போட்டுக் கொடுத்த கணினியில் பென்டிரைவிலிருந்த பாட்டுகளை எல்லாம் நீக்கிவிட்டு, புதுப் பாட்டுகள் ஏற்றப் பார்த்தார். இடமில்லை என்றது. டிவியில் செருகினால் பழைய பாட்டுகள் வேறு ஏதோ பெயருடைய கோப்புறையிலிருந்து பாடுகின்றன. "நான் அழிச்சது திரும்பி வந்துடுத்து" என்று பயந்துபோய்க் கூப்பிட்டார். கோப்பு மேலாளரில் கன்ட்ரோலும் எச்-சும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். புள்ளியில் தொடங்கும் பெயரும் ஆயிரம் என்ற எண்ணும் கொண்ட கோப்புறை தெரிந்தது. அந்த ஆயிரம், கணினியின் முதல் பயனரின் எண். பென்டிரைவைச் செருகியபடியே தொட்டியைக் காலி செய்தார், இடம் கிடைத்தது. கழற்றிவிட்டுக் காலி செய்தால் பலனில்லை. தொட்டி அந்தப் பென்டிரைவோடு பையில் போய்விட்டது அல்லவா?

இது மாமி பிரச்சினை மட்டும் இல்லை. 2023 ஆகஸ்டில், பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தோடு இணைந்த கணினிகளில் விண்டோஸை எடுத்துவிட்டு, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா என்ற இயங்குதளத்தை நிறுவப்போகிறது என்று செய்தி வந்தது. பாஸ் 2007 முதலே இருக்கிறது. நம்மில் பலர் சவுத் பிளாக்கிலும் சாஸ்திரி பவனிலும் வாழ்க்கையைக் கழித்தவர்கள். இருபது வருஷம் விண்டோஸில் கை பழகியவருக்கு, மேசை மாறும்போது முதலில் இடறுவது இந்தத் தொட்டியில்தான்.

'காலி செய்ய முடியவில்லை' என்பது மூன்றாவது. லினக்ஸில் காரணம் பெரும்பாலும் உரிமை. நிர்வாகி உரிமையோடு யாரோ உண்டாக்கிய கோப்புறை, உங்கள் கோப்புறை ஒன்றுக்குள் இருந்தபடியே உங்கள் தொட்டிக்கு வந்துவிட்டது. தொட்டி உங்களுடையது, சரக்கு அவருடையது. கட்டளை தட்டச்சு செய்யும் முனையத்தைத் திறந்து, நிர்வாகி உரிமையோடு அந்த ஒரு கோப்புறையை மட்டும் நீக்க வேண்டும். இங்கே கவனம். முனையத்தில் கொடுக்கும் நீக்கும் கட்டளைக்குத் தொட்டியே கிடையாது. பாதையின் நடுவில் ஓர் இடைவெளி தவறி விழுந்தால் வேறு எதையோ நீக்கிவிடும். நான் கட்டளையைத் தட்டச்சு செய்துவிட்டு, என்டர் அழுத்தும் முன் கையைக் கட்டிக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுப் படிப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: நிர்வாகியாகக் கோப்பு மேலாளரைத் திறந்து நீங்கள் நீக்கியவை நிர்வாகியின் தொட்டிக்குப் போகும். உங்கள் தொட்டியில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

விண்டோஸில் 'ரீசைக்கிள் பின் பழுதடைந்துள்ளது' என்று ஒரு செய்தி வரும். சீட்டுகள் குழம்பிவிட்டன. நிர்வாகி கட்டளைச் சாளரத்தில் அந்த டிரைவின் மறைந்த தொட்டிக் கோப்புறையையே நீக்கிவிட்டால், விண்டோஸ் புதிதாக ஒன்று உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அந்தக் கோப்புறைக்குள் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி அறை இருக்கிறது. நீங்கள் நீக்குவது உங்கள் அறையை மட்டுமல்ல, மருமகளின் அறையையும்தான். முதலில் அவரைக் கேட்டுவிடுங்கள்.

திரையில் தொட்டிப் படமே காணவில்லை என்று சிலர் பதறுவார்கள். விண்டோஸ் அமைப்புகளில் தீம்கள் பகுதியில் மேசைப் படங்களுக்கான இடத்தில் ஒரு டிக் போட்டால் வந்துவிடும்.

இன்னொன்று, அலுவலக சர்வர் பார்ப்பவர்களுக்கு. தொட்டியையும் காலி செய்தாயிற்று, முனையத்திலும் நீக்கியாயிற்று, இடம் கூடவில்லை. ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பை லாரியில் ஏறிவிட்டது, பையின் காதை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். நிரலை நிறுத்தித் தொடங்கினால் இடம் திரும்பும். இதற்காக ஓர் இரவு முழுக்க விழித்திருந்த முட்டாள் உங்கள் முன்னால்தான் நிற்கிறான்.

அரசு வேலையில் இருப்பவர்களிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஆண்டுதோறும் அக்டோபரில் அமைச்சகங்களில் சிறப்பு இயக்கம் நடக்கிறது, பழைய கோப்புகளைக் களைந்து இடத்தை மீட்கிறார்கள். நல்ல காரியம். அந்த உற்சாகத்தில் சிலர் கணினியிலும் கை வைக்கிறார்கள். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கணினி என்பது பல அலுவலகங்களில் துணி போர்த்திய அதிசயப் பொருளாக இருந்த காலத்தில் எழுதிய சட்டம். ஆனாலும் பொது ஆவணம் என்பதற்கான விளக்கத்தில், கணினி உண்டாக்கிய பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். விதிகளில் சொன்ன முறையில் தவிர எந்தப் பொது ஆவணத்தையும் அழிக்கக்கூடாது. மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். தொட்டியைக் காலி செய்கிற விரலுக்கு இது தெரியாது.

அதே சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பிரிவு உண்டு. 1892க்கு முன் உண்டான ஆவணம் எதையும் அழிக்கக்கூடாது. எதற்கும் உதவாத அளவுக்குச் சிதைந்துவிட்டது என்று ஆவணக் காப்பகத்தின் தலைவர் கருதினால் ஒழிய. தேசிய ஆவணக் காப்பகம் 1891 மார்ச்சில் கல்கத்தாவில் தொடங்கியது. பிறகு தலைநகர் மாறியதைத் தொடர்ந்து தில்லிக்கு வந்து ஜன்பத்தில் இருக்கிறது. செயலகத்தில் கோப்பை மூடும்போதே ஏ, பி, சி என்று வகை பிரித்து, சி என்றால் இத்தனை வருஷம் என்று அட்டையில் எழுதிவிடுவோம், நினைவிருக்கிறதா? எறியும் தேதி, எடுத்துவைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. நம் கணினியில் யாரும் அப்படிச் செய்வதில்லை. வட்டு நிரம்பிச் சிவப்புக் கோடு தெரிந்த பிறகு, பதற்றத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கிறோம். பதற்றத்தில் எடுத்த முடிவுகள்தான் எனக்குத் தொலைபேசியாக வருகின்றன.

அந்தத் தொலைபேசிகளில் மிகவும் சோகமானது: "தொட்டியையும் காலி பண்ணிட்டேன், இப்ப வேணும்." நான் கேட்கும் முதல் கேள்வி, கணினியில் இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? சுழலும் வட்டு என்றால் நம்பிக்கை உண்டு. காலி செய்தபோதும் சரக்கு அங்கேயே இருக்கிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை இருக்கும். அதனால் உடனே கணினியை நிறுத்த வேண்டும். மீட்கும் மென்பொருளைத் தேடி அதே வட்டில் இறக்கினீர்கள் என்றால், தொலைந்த நகையைத் தேடக் கிணற்றில் மண் கொட்டிய கதை. வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தித்தான் தேட வேண்டும். நேரு பிளேஸில் அதற்கே கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எஸ்.எஸ்.டி. என்றால் நிலைமை வேறு. நீக்கிய இடங்களை இயங்குதளம் வட்டிடம் சொல்லிவிடும், வட்டு தன் ஓய்வு நேரத்தில் அவற்றைத் துடைத்து வைத்துக்கொள்ளும். சில நிமிடங்களிலேயே கதை முடிந்திருக்கலாம். ஒரு வெளி வட்டில் நகல் இருந்தால் தப்பித்தீர்கள்.

படங்களும் கோப்புகளும் கைபேசியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூகுள் போட்டோஸில் காப்பு எடுத்த படம் தொட்டியில் 60 நாள் இருக்கும், ஜிமெயிலிலும் டிரைவிலும் 30 நாள். அதற்குள் நினைவு வந்தால் சரி.

இப்போது அந்த மூன்றாவது கட்டம், அழிப்பது. மீட்கும்போது சாதகமாக இருப்பதே விற்கும்போது பாதகம். வீட்டில் பழைய கணினி கிடக்கிறது. கபாடிவாலா வருகிறார், பழைய செய்தித்தாளோடு அதையும் எடைபோட்டு எடுத்துப் போகிறார். அது சீலம்பூர் போய்ச் சேரலாம். அங்கே பிரித்து உலோகம் எடுப்பார்கள், வட்டு நன்றாக இருந்தால் தனியே விலை போகும். தொட்டியைக் காலி செய்து, ஃபார்மட்டும் செய்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பீர்கள். விரைவு ஃபார்மட் என்பது வீட்டுப் பட்டியலைக் கிழிப்பது மட்டும், வீடுகள் நிற்கின்றன. பான் அட்டை, பென்ஷன் ஆணை, வங்கிக் கணக்கு எல்லாம் உள்ளேதான். சுழலும் வட்டு என்றால் முழு ஃபார்மட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விஸ்டாவிலிருந்து அது வட்டு முழுவதும் பூஜ்ஜியம் எழுதும், சில மணி நேரம் ஆகும். எஸ்.எஸ்.டி. என்றால் அதன் தயாரிப்பாளர் கொடுக்கும் துடைக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள். ஆப்பிளே 2015இல், தொட்டியைப் 'பாதுகாப்பாகக் காலி செய்' என்ற வசதியைத் தன் கணினிகளிலிருந்து எடுத்துவிட்டது, எஸ்.எஸ்.டி.யில் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டுக்கும் பொறுமை இல்லையா, வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். எடை கொஞ்சம் குறையும், கபாடிவாலா முகம் சுளிப்பார்.

காஸிப்பூரைப் பாதியில் விட்டேன். 1984இல் தொடங்கிய மேடு. 2002லேயே நிரம்பிவிட்டது என்று சொன்னார்கள். அதற்குப் பிறகும் கொட்டினார்கள். 65 மீட்டர்வரை உயர்ந்து, குதுப் மினாரோடு ஒப்பிட்டுப் பேசும் அளவுக்கு வந்தது. 2017 செப்டம்பர் 1 அன்று ஒரு பகுதி சரிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது என்று நாம் கதவைச் சாத்திக்கொண்ட குப்பை அது.

தேநீர் வந்துவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பென்டிரைவும் மடிக்கணினியும் கொண்டுவந்தவர்கள் மேடைக்கு இடது பக்கம் வாருங்கள். அங்கே வந்து வரிசையில் நிற்கும்வரை யாரும் எதையும் காலி செய்யாமல் இருந்தால் எனக்கு வேலை சுலபம்.